மலை ஏறாதவர்களின் செஞ்சி

செஞ்சிக் கோட்டைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் மரத்தடியில் தங்கிவிடுவார். மூட்டு தேய்ந்த பாட்டி, இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிப்போன சித்தப்பா, பார்வை இல்லாத அக்கா என்று யாராவது. "நீங்க இங்கயே இருங்க, நாங்க சட்டுனு ஏறி இறங்கிடறோம், பையைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் ராஜகிரியை நோக்கி நடப்பார்கள். அந்த ஏற்றம் சட்டென்று முடிகிற ஏற்றம் அல்ல. வெயில் உச்சிக்கு வந்து சாயும்வரை மரத்தடிக்காரர் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பார். அவர் செஞ்சிக்கு வந்திருக்கிறார், செஞ்சியைப் பார்க்கவில்லை.

இதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. மலைக்கோட்டை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சமாதானத்தில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடலாம். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும். பிளவின் மேல் போட்ட சிறு பாலத்தைத் தாண்டினால்தான் மேல்கோட்டை. பாலத்தை எடுத்துவிட்டால், வந்த படை எத்தனை பெரிதானாலும் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்து ஓடுகிறது சுமார் 13 கிலோமீட்டர் மதில். 1677-ல் சிவாஜி இதைக் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, 1690-ல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை இழுத்தது. மனிதர் ஏறிவிடக் கூடாது என்பதே இந்தக் கோட்டையைக் கட்டியவர்களின் நோக்கம். அதில் அவர்கள் வென்றார்கள்.

2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. உலகத்துக்கே உரியது என்று பட்டியலில் ஏறிய இடம், மரத்தடியில் காத்திருப்பவருக்கும் உரியதாக வேண்டாமா?

கோட்டையின் பெரும்பகுதி கீழேதான் இருக்கிறது

செஞ்சியின் சிறப்பெல்லாம் உச்சியில் என்பது நம்முடைய பழக்கம் செய்த மயக்கம். அரசர்கள் அன்றாடம் வாழ்ந்தது உச்சியில் அல்ல. முற்றுகை வந்தால் ஒதுங்கும் கடைசிப் புகலிடம்தான் மேல்கோட்டை. ஆட்சியும் வழிபாடும் கொண்டாட்டமும் நடந்தது அடிவாரத்தில். கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம், வேணுகோபால சுவாமி கோயில் எல்லாம் ராஜகிரியின் காலடியில் இருக்கின்றன. வெளிக்கோட்டைப் பக்கம் போனால் வெங்கடரமண சுவாமி கோயிலும், 1717-18-ல் கட்டிய சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கின்றன. சற்றுத் தள்ளிச் செட்டிக்குளமும் சக்கரக்குளமும். ஒரு படிகூட மலை ஏறாமல், நிதானமாகப் பார்த்தால் ஒரு நாள் முழுக்கப் போதாது.

ஆனால் இந்தச் சமதளத்துக்குள்ளும் சக்கர நாற்காலி நுழைவது எளிதல்ல. காரணம் மலை இல்லை, வாசற்படி.

சக்கர நாற்காலியை ஒரு கல் வாசற்படியில் ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தள்ளுகிறவர் பின்பக்கக் கம்பியைக் காலால் மிதித்து, நாற்காலியைப் பின்னால் சாய்க்க வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் எழும். உட்கார்ந்திருப்பவருக்கு வானம் தெரியும், தரை தெரியாது. இரண்டு கையாலும் பக்கப்பிடியை இறுக்கிக்கொள்வார். முன்சக்கரம் படிமேல் இறங்கியதும் முழு எடையையும் தொடையால் முட்டி உந்தினால்தான் பெரிய சக்கரம் ஏறும். அரை அடிப் படி ஒன்றுக்கு இத்தனை பாடு. கோட்டை வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் படி ஒன்றோடு நிற்பதில்லை. அதற்கப்பால் சரளைக் கல், வேர் தள்ளிய தரை, மழையில் அரித்த வழி. மூன்றாவது படியில் உட்கார்ந்திருப்பவரே "போதும்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். அது விருப்பத்தில் வருகிற சொல் அல்ல. பிறரைச் சிரமப்படுத்துகிறோமே என்ற கூச்சத்தில் வருவது.

இதற்கு மருந்து சாய்தளம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கில் போட்டால் கையால் சக்கரம் உருட்டுகிறவர் தானே ஏறிப் போகலாம். நம் ஊரில் பல கட்டிடங்களில் இந்தக் கணக்கைப் பாதியாக வெட்டி, செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். அதில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. போடுவதாக இருந்தால் அளவோடு போட வேண்டும், இல்லாவிட்டால் போடாமலே இருக்கலாம்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் கல்லைத் தொடலாமா என்ற கேள்வி நியாயமானது. 1958-ம் ஆண்டுச் சட்டப்படி செஞ்சிக் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பு. எங்கும் துளையிடவோ உடைக்கவோ முடியாது, கூடவும் கூடாது. ஆனால் கல்லில் ஒரு ஆணிகூட அடிக்காமல், வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய மர, இரும்புச் சாய்தளங்களை வைக்க முடியும். இதை நம் தொல்லியல் துறையே செய்து காட்டியிருக்கிறது. 2001 ஜனவரியில் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தபோது, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடிய ஜாவேத் அபிதி போன்றவர்கள் குரல் கொடுக்க, குதுப் மினார் உள்ளிட்ட இடங்களில் மரச் சாய்தளங்கள் அமைத்தார்கள். ஹாக்கிங் தன் நாற்காலியிலேயே சுற்றிப் பார்த்தார். ஒரு விருந்தினருக்காகச் சில நாளில் முடிந்த காரியம், நம் சொந்த மக்களுக்காக எத்தனை நாளில் முடிய வேண்டும்?

சீயமங்கலத்துத் தூண்

கோட்டையைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுகிற ஊர் சீயமங்கலம். செஞ்சியிலிருந்து வந்தவாசி போகும் பக்கத்தில், தேசூரை அடுத்த சிறு கிராமம். இங்கே ஒரு குன்றைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிவன் கோயில் எடுத்தான். அவனிபாஜன பல்லவேச்சுரம் என்று அதற்குத் தன் பட்டப்பெயரையே வைத்தான். உள்ளே இருக்கும் இறைவன் தூணாண்டார். குடைவரைக்கு முன்னால் பிற்காலத்தவர் மண்டபங்கள் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் குடைவரையின் தூண் ஒன்றில், மேற்பகுதிச் சதுரத்தில், ஒரு சிறிய ஆடவல்லான் இருக்கிறார். தமிழ்நாட்டில் கல்லில் வடித்த நடராச வடிவங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அறிஞர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். நாம் பழகிய செப்புத் திருமேனியைப் போல இவர் காலடியில் முயலகன் கிடையாது. பக்கத்தில் படமெடுத்த பாம்பு. தில்லையிலும் தஞ்சையிலும் பின்னால் பெருகிய ஒரு மாபெரும் கலை மரபின் ஊற்றுக்கண் போல இருக்கிறது இந்தச் சிற்பம். அளவில் சிறியது, அண்ணாந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

அண்ணாந்து பார்க்க வேண்டிய அந்த உயரம்தான் சிக்கல். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது இன்னும் எட்டாத் தொலைவு. பார்வை இல்லாதவருக்கு அது இல்லவே இல்லை. கை நீட்டினாலும் எட்டாது, எட்டினாலும் தொடக் கூடாது. 1,400 ஆண்டு நின்ற கல்லை ஆயிரம் கைகள் தடவித் தேய்த்துவிடக் கூடாது என்பது சரிதான். அப்படியானால் அதே அளவில் ஒரு படியெடுத்து இடுப்புயரத்தில் ஒரு மேடையில் வைக்கலாம். விரல் போய்த் தூக்கிய காலைத் தொடும், வளைந்த பாம்பைத் தொடும், நான்கு கைகளையும் எண்ணிப் பார்க்கும். பக்கத்தில் பிரெய்லில் தமிழ் விளக்கம் இருந்தால் போதும். தில்லி தேசிய அருங்காட்சியகம் 'அனுபவ்' என்ற கூடத்தில் இதைச் செய்திருக்கிறது. பழஞ்சிற்பங்களின் படிகளைத் தொட்டு அறியலாம். மாமல்லபுரத்தில் இன்றும் உளிச் சத்தம் கேட்கிற தமிழ்நாட்டில், ஒரு பல்லவச் சிற்பத்துக்குப் படி வடிக்க ஆள் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இந்த யோசனை நமக்குப் புதிதும் அல்ல. மூலவரைப் பார்க்கக் கருவறை வரை வர முடியாதவர்களுக்காக உற்சவர் தெருவுக்கு வருகிறார். படுக்கையில் கிடக்கிற கிழவருக்குக்கூடத் திண்ணை வரை தரிசனம் வந்து சேரும். மூலவருக்கு ஒரு குறையும் வருவதில்லை. அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். மலைமேல் இருக்கும் கோட்டைக்கும் தூண்மேல் இருக்கும் சிற்பத்துக்கும் அப்படி ஓர் உற்சவ மூர்த்தி வேண்டும். ராஜகிரியின் முழு வடிவத்தையும் பாறைப் பிளவு, பாலம், மதில் வளைவு எல்லாம் தெரியும்படி ஒரு கல் மாதிரியாகச் செய்து அடிவாரத்தில் வைத்தால், பார்வை இல்லாதவர் கைகளால் மலை ஏறிவிடுவார். பார்வை உள்ள குழந்தைகளுக்கும் அதுதான் முதல் பாடமாக இருக்கும்.

சீயமங்கலத்தில் இன்னொரு குன்றில் சமணச் சிற்பங்கள் உள்ளன. பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர் ஆகியோரைப் பாறையில் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். கங்க மன்னன் இராசமல்லன் காலத்துக் கல்வெட்டு, 9-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே போகப் பாறைப் படிகள்தான் வழி. அந்தப் படிகளைச் சாய்தளமாக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். குன்றின் அமைதியைக் கெடுத்து ஒரு பாதை போடுவது அந்தத் துறவிகளுக்கே பொருந்தாது. நல்ல புகைப்படங்களும், ஒலி விளக்கமும், ஒரு புடைப்பு நகலும் கீழே இருந்தால் போதும்.

செஞ்சிக் களஞ்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வை இல்லாதவர்களை அழைத்துப் போக அதைவிட நல்ல இடம் கோட்டையில் இல்லை. தடித்த சுவர், வளைந்த பெருங்கூரை, வெளியே கொளுத்தும்போது உள்ளே குளுமை. ஒருமுறை கை தட்டினால் சத்தம் போய் மோதித் திரும்பி, அந்தக் கூடம் எவ்வளவு பெரிது என்று காதுக்குச் சொல்லிவிடும். வெங்கடரமண சுவாமி கோயில் கோபுர வாசலின் பக்கச் சுவர்களில் இராமாயணமும் திருமால் அவதாரங்களும் புடைப்புச் சிற்பங்களாக ஓடுகின்றன. வழிகாட்டி ஒருவர் நின்று கதை சொன்னால் கூட வருகிறவர் மனத்தில் அந்தச் சுவர் முழுக்க எழுந்து நிற்கும். அப்படிச் சொல்லத் தெரிந்த வழிகாட்டிகளுக்குப் பயிற்சி வேண்டும். காது கேளாதவர்களுக்கு இந்திய சைகை மொழியில் பேசும் காணொளி வேண்டும். கையில் போன் இல்லாத ஆளே இல்லாத காலத்தில் இது செலவே இல்லாத வேலை.

செஞ்சித் தூண்களில் சில இன்று செஞ்சியில் இல்லை. 1750-ல் கோட்டையைப் பிடித்து 1761 வரை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன கருங்கல் தூண்கள், புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. கடற்கரைச் சாலையோ சமதளம். மாலையில் வண்டிகளும் கிடையாது. சக்கர நாற்காலியில் போகிறவர் செஞ்சியின் சிற்பத் தூணைச் செஞ்சியில் பார்ப்பதைவிடப் புதுச்சேரியில் சுலபமாகப் பார்த்துவிடலாம் என்ற நிலை எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பழைய ஊர்கள் எப்படிச் செய்தன?

ஐரோப்பாவின் பழைய நகரங்களுக்கும் இதே தொல்லைதான். குண்டுக் கல் பாவிய தெருக்கள், கோட்டை மதில்கள், குறுகிய சந்துகள். ஸ்பெயினில் ஆவிலா என்ற ஊர் இடைக்கால மதிலுக்குப் பேர் போனது, உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் உள்ளது. மதிலின் ஒரு பகுதியில் சக்கர நாற்காலி ஏற வழி செய்தார்கள். மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் எளிதில் புழங்கும் நகரங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் தரும் விருதை முதன்முதலில், 2011-க்காக, பெற்ற ஊர் அதுதான். நெதர்லாந்தின் பிரெடா நகரம் 2019-ல் அந்த விருதை வாங்கியது. அங்கே பழைய சதுக்கத்தின் கற்களைத் தூக்கி எறியவில்லை. பெயர்த்தெடுத்து, குறுக்கே அறுத்து, வெட்டிய தட்டை முகம் மேலே வரும்படி திருப்பிப் பதித்தார்கள். அதே கல், அதே சதுக்கம். சக்கரம் மட்டும் இப்போது குலுங்காமல் ஓடுகிறது. எனக்கு இதில் பிடித்தது அந்தச் சிக்கனமும் மரியாதையும்.

ஏதென்ஸ் கதை கொஞ்சம் சர்ச்சையானது. அக்ரோபொலிஸ் குன்றில் 2004 பாராலிம்பிக்கை ஒட்டி ஒரு லிஃப்ட் வைத்தார்கள். அது அடிக்கடி பழுதாகி, 2020 டிசம்பரில் புதியது வந்தது. மேலே கான்கிரீட் நடைபாதையும் போட்டார்கள். பழமையைச் சிமென்டால் மூடிவிட்டார்கள் என்று தொல்லியலாளர் பலர் கொதித்தார்கள். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் சக்கர நாற்காலியில் முதன்முறையாகப் பார்த்தினான் கோயிலின் முன்னால் போய் நின்றவரின் நியாயத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

செஞ்சியில் ரோப் கார் வேண்டும் என்ற பேச்சு ஊரில் உண்டு. பழநியில் விஞ்சும் ரோப் காரும் ஓடுகின்றன. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கு 2024-ல் ரோப் கார் வந்தது. செஞ்சியோடு அதே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ராய்கட் கோட்டைக்கு 1996 முதலே ரோப்வே இருக்கிறது. சிவாஜி முடிசூடிய இடத்துக்குச் சில நிமிடத்தில் போய்விடலாம். ஆகவே முடியாத காரியம் அல்ல. என்றாலும் என் கருத்து வேறு. ரோப் காருக்குக் கோடிகள் வேண்டும், ஆண்டுகள் வேண்டும், யுனெஸ்கோவின் கண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். மேலே இறங்கிய பிறகும் பாறையும் படியும்தான். அதைக் காட்டி இன்று செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் தரை, பிறகு வானம்.

தரையில் முதல் வேலை கழிப்பறை. சாய்தளத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் பயணம் செய்யும் பெண்கள், வெளியூர் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டபடி கோட்டையைச் சுற்றிப் பார்ப்பது சுற்றுலாவா? 3 அடி அகலக் கதவு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, திரும்ப இடம், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. அவ்வளவுதான் தேவை. கட்டி முடித்துப் பூட்டி, சாவியைத் தேட விடாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பஸ். செஞ்சிக்கு ரயில் கிடையாது; திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் எங்கே இறங்கினாலும் பஸ்தான். நம் வெளியூர் பஸ்களின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஏறுகிற பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலைத் தடத்தில் இரண்டு விட்டாலே பெரிய மாற்றம். பஸ் நிலையத்திலிருந்து கோட்டைக்கும், கோட்டைக்குள் களஞ்சியத்திலிருந்து வெங்கடரமணர் கோயிலுக்கும் ஒரு பேட்டரி வண்டி ஓடினால் முதியவர்களும் கர்ப்பிணிகளும்கூட வாழ்த்துவார்கள்.

கேட்பது சலுகை அல்ல

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி; தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டிடங்களையும் போக்குவரத்தையும் அவர்கள் தடையின்றிப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்கிறது. விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் பழைய பொதுக் கட்டிடங்களையும் மாற்ற வேண்டும் என்று கெடு வைத்தது. விதிகள் 2017-ல் வந்தன. கெடு எப்போதோ தாண்டிவிட்டது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், வெறும் வழிகாட்டுதல் போதாது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்சத் தரங்களை வகுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

நம்மால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கடலைத் தூரத்திலிருந்தே பார்த்தவர்கள் அன்று அலை வரைக்கும் போனார்கள். சில நாளில் மாண்டஸ் புயல் அந்தப் பாதையின் ஒரு பகுதியைச் சிதைத்தது. அத்தோடு விட்டுவிடாமல் திரும்பச் சரிசெய்தார்கள். பராமரிப்பு என்பது இதுதான்.

செஞ்சியும் சீயமங்கலத்துக் குடைவரையும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே வாசற்படியில் நின்றுவிட நேர்ந்தால், எந்த வாசல், எத்தனை படி என்று குறித்து, புகைப்படத்தோடு தில்லியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு எழுதுங்கள். பஸ், சாலை, ஊர்க் கழிப்பறை பற்றிய குறைகளைச் சென்னையில் இருக்கும் மாநில ஆணையருக்கு எழுதுங்கள். புகார்களை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டமே இந்த இரண்டு பதவிகளுக்கும் தந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. கூடப் போன நீங்களும் எழுதலாம்.